ஜான்னி டி கிரிகோரியோ படங்கள்: வயசான காதலுக்கு முதலில் ஒரு வீடு வேண்டும்

மாலைக்காட்சி:

இந்த இயக்குநருக்கு இங்கே தனி இழை இல்லை. அஸ்தோல்ஃபோ (2022) பார்த்து முடித்த கையோடு தொடங்குகிறேன்.

ஜான்னி டி கிரிகோரியோ 1949ல் ரோமில் பிறந்தவர். நேப்பிள்ஸ் குற்றக் கும்பல்களைப் பற்றிய கொமோர்ரா (2008) திரைக்கதையில் இவருக்கும் பங்கு உண்டு. அதே ஆண்டு, அறுபதைத் தொடப்போகும் வயசில், முதன்முதலாக ஒரு படத்தை இயக்கினார்: பிரான்சோ டி ஃபெர்ரகோஸ்தோ. தயாரித்தவர் கொமோர்ராவின் இயக்குநர் மத்தேயோ கர்ரோனே. வெனிஸ் விழாவில் சிறந்த அறிமுகப் படத்துக்கான பரிசு அதற்குக் கிடைத்தது, லண்டன் விழாவில் சத்யஜித் ரே பெயரிலான விருதும் கிடைத்தது. மொத்தமே ஒன்றேகால் மணி நேரப் படம்.

கதை இவ்வளவுதான். ரோமின் திராஸ்தேவேரே பகுதியில் ஒரு பழைய ஃப்ளாட். கல்யாணம் ஆகாத ஜான்னியும் (இயக்குநரே நடிக்கிறார்) தொண்ணூறு தாண்டிய அவர் அம்மாவும் இருக்கிறார்கள். அடுக்ககத்துக்குக் கட்ட வேண்டிய பணம் வருஷக்கணக்கில் பாக்கி. ஆகஸ்ட் 15 அங்கே பெரிய விடுமுறை, ஊரே கடற்கரைக்கும் மலைக்கும் கிளம்பிவிடும். அடுக்கக நிர்வாகி வந்து, "எங்க அம்மாவை ரெண்டு நாள் வச்சுக்கோ, பாக்கியைப் பார்த்துக்கலாம்" என்கிறார். அம்மாவோடு ஒரு அத்தையையும் கொண்டுவந்து இறக்குகிறார். போதாததற்கு டாக்டரும் தன் அம்மாவை அனுப்பி வைக்கிறார். ஒரு ஆண், நான்கு மூதாட்டிகள், ஒரு சமையலறை. இப்படி ஒரு கோரிக்கை நிஜத்திலேயே இயக்குநருக்கு வந்ததாம். அவர் மறுத்துவிட்டார். ஒத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததில் வந்த படம் இது. படமெடுத்த இடமும் அவர் அம்மாவின் வீடேதான்.

இவருடைய படங்களை "வயசானவர்களின் இனிமையான நகைச்சுவை" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. நான் பார்த்த நான்கு படங்களிலும் காதலுக்கோ ஆசைக்கோ முன்னால் ஒரு வீட்டுப் பிரச்சினை நிற்கிறது. முதல் படத்தில் ஃப்ளாட் பாக்கி. ஜான்னி எ லெ தோன்னெ (2011) படத்தில் அம்மா விற்க மறுக்கும் பெரிய வீடு. லோன்தானோ லோன்தானோ (2019) படத்தில் பென்ஷன் கட்டுபடியாகும் நாட்டைத் தேடும் மூன்று ரோம்காரர்கள். அஸ்தோல்ஃபோவிலோ, ஓய்வுபெற்ற பேராசிரியரை வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். அவர் கிராமத்தில் பாழடைந்து கிடக்கும் பூர்வீக மாளிகைக்குப் போகிறார். அங்கே ஏற்கெனவே ஒருவர் குடியேறியிருக்கிறார். அவரைத் துரத்தாமல் சேர்ந்தே இருக்கிறார், இன்னும் ஒன்றிரண்டு ஆண்கள் வந்து சேர்கிறார்கள். வீடு ஒருவழியாக நிலைக்கு வந்த பிறகுதான் ஸ்தெஃபானியா என்ற பெண் அவர் வாழ்க்கையில் வருகிறார்.

எழுபது வயசில் காதல் வருமா என்பது இவருக்குக் கேள்வியே இல்லை. வந்தால் எங்கே உட்கார்ந்து பேசுவது, யார் வீட்டில் சாப்பிடுவது, பிள்ளைகளுக்குத் தெரியாமல் எந்தக் கதவைத் திறப்பது, அதுதான் கேள்வி. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அந்திமல்லி:

நல்ல இழை. முதல் படத்தை நானும் என் தங்கையும் சேர்ந்து பார்த்தோம். வீடு என்று நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படத்தின் உயிர் அந்த நான்கு பெண்கள். அவர்கள் யாரும் தொழில்முறை நடிகைகள் இல்லை. கேமரா இருப்பதையே மறந்தவர்கள் மாதிரி ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடுகிறார்கள். அம்மாவாக வரும் வலேரியா தெ ஃபிரான்சிஷிஸ் முகத்தில் பூசியிருக்கும் பவுடரும், உடுத்தியிருக்கும் தோரணையும், தன் டிவியை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்தப் பிடிவாதமும்! கையில் காசில்லாமல் போன பெரிய குடும்பத்துப் பெண் எப்படி உட்காருவாள் என்பதைச் சொல்லிக்கொடுத்து வரவழைக்க முடியாது.

நிர்வாகியின் அம்மா மரீனா ராத்திரியில் வீட்டைவிட்டு நழுவிவிடுவார், ஞாபகம் இருக்கிறதா? ஜான்னி தேடிப் போனால் அவர் வெளியே ஒரு மேஜையில் ஆற அமர உட்கார்ந்து குடித்துக்கொண்டிருப்பார். தொலைந்துபோன பாட்டியைக் கண்டுபிடிக்கும் காட்சியாகப் படம் அதை எடுக்கவில்லை. ஒரு பெண் கோடை ராத்திரியில் வெளியே வந்து காற்று வாங்குகிறாள், அவ்வளவுதான். வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஜான்னியிடமே ஆசையைக் காட்டுவார். அந்த இடத்தில் கேலி இல்லை, பின்னணி இசையில் கிண்டல் இல்லை. ஜான்னி சங்கடப்படுகிறார், மரியாதையாக விலகுகிறார். அந்த ஆசை இருப்பது சகஜம் என்று படம் நகர்ந்துவிடுகிறது. வயதான பெண்ணின் ஆசை என்றாலே சிரிப்பு மூட்டுவதற்கு என்று பழக்கப்பட்ட கண்ணுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல்!

டாக்டரின் அம்மாவுக்குப் பத்தியம். மகன் ஒரு பட்டியலே எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். அவரோ அடுப்பில் சுட்ட பாஸ்தாவை ராத்திரியில் திருட்டுத்தனமாகச் சாப்பிடுவார். இதையும் நான் காதல் காட்சிகளில்தான் சேர்ப்பேன்.

இரண்டாவது படத்தில்தான் எனக்குக் குறை. ஜான்னி எ லெ தோன்னெயில் அறுபது வயசு நாயகன் ஏங்குவதெல்லாம் இளம்பெண்களைப் பார்த்து. கீழ் வீட்டுப் பெண், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்று எல்லாம் அழகு, எல்லாம் இளமை. முதல் படத்தில் மரீனாவுக்குக் கொடுத்த இடத்தை இரண்டாவதில் எந்த வயதான பெண்ணுக்கும் கொடுக்கவில்லை. அம்மா இருக்கிறார், ஆனால் சீட்டாடவும் செலவழிக்கவும் மட்டும்.

கடைசி வரிசை:

அந்திமல்லி அக்கா, அந்தப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன்.

நண்பன் வக்கீல் வந்து, "நம்ம வயசுக்காரன் எல்லாருக்கும் வெளியே ஒருத்தி இருக்கா, உனக்கு மட்டும்தான் இல்லை" என்று தூண்டிவிடுகிறார். அதற்கு முன்னால் ஜான்னி அதைப் பற்றி யோசித்தவரே இல்லை. வேலையிலிருந்து ஓய்வு கிடைத்துவிட்டது. மனைவி வேலைக்குப் போகிறார். மகளின் காதலன் வேலைவெட்டி இல்லாமல் அந்த வீட்டிலேயே கிடக்கிறான். கீழ் வீட்டுப் பெண்ணின் நாயையும் சேர்த்து இவர்தான் நடைக்குக் கூட்டிப்போக வேண்டும். எல்லாப் பெண்களும் இவரிடம் அன்பாகப் பேசுகிறார்கள், கன்னத்தில் முத்தமும் கொடுக்கிறார்கள். ஒரு ஆணாக மட்டும் யாரும் பார்ப்பதில்லை. பார்க்கப்படாமல் போவதைப் பற்றிய படம் அது. இளம்பெண்களைக் காட்டியது அந்த வலியைச் சொல்லத்தான். கையில் ஒரு பெண் சிக்கியிருந்தால் நீங்கள் சொல்லும் குறை முழுக்க சரி. கடைசிவரை யாருமே சிக்குவதில்லை.

மாலைக்காட்சி சாரின் வீட்டுக் கணக்குக்கு நான் ஒரு பழைய படத்தைச் சேர்க்கிறேன். டி சீக்காவின் உம்பெர்தோ டி. (1952). அங்கேயும் ரோம், அங்கேயும் பென்ஷன் வாங்கும் முதியவர், அங்கேயும் வாடகை பாக்கி, அறையைப் பிடுங்கத் துடிக்கும் வீட்டுக்காரி. நடித்த கார்லோ பத்திஸ்தியும் நடிகர் இல்லை, மொழியியல் பேராசிரியர். அந்தப் படத்தில் கிழவருக்குத் துணை ஒரு நாய், கொஞ்சம் கருணை காட்டும் ஒரு வேலைக்காரப் பெண். பிச்சைக்குக் கை நீட்டப் போய், வழிப்போக்கர் ஒருவர் காசு போட வந்ததும் உள்ளங்கையைத் திருப்பி, மழை பெய்கிறதா என்று பார்ப்பதுபோல நடிப்பார். அந்தக் கை எனக்கு இன்றும் மறக்கவில்லை.

எழுபது ஆண்டு கழித்து அஸ்தோல்ஃபோவையும் வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். அஸ்தோல்ஃபோவுக்குப் போக ஒரு பூர்வீக வீடு இருந்தது, உம்பெர்தோவுக்கு இல்லை. ஒரே தொடக்கம் ஒன்றில் கண்ணீராகவும் ஒன்றில் புன்னகையாகவும் முடிவதற்கு அந்தச் சொத்துதான் காரணம். டி கிரிகோரியோவின் மென்மை எனக்குப் பிடிக்கும். ஆனால் அது கூரை உள்ளவர்களின் மென்மை என்பதையும் சொல்ல வேண்டும்.

பலெர்மோவாசி:

வணக்கம். நான் இலங்கையிலையிருந்து வந்து பலெர்மோவிலை கன காலமா இருக்கிறன். இங்கை எங்கட சனம் நிறையப் பேர் இருக்கினம், அதிலை கனபேருக்கு வேலை இத்தாலி வீடுகளிலைதான். துப்புரவு, சமையல், வயசானவையைப் பாக்கிறது. வீட்டோடையே தங்கிப் பாக்கிற ஆக்களை இங்கை பதாந்தே எண்டு சொல்லுவினம். நானும் செய்திருக்கிறன்.

ஜான்னி எ லெ தோன்னெயிலை வாற அம்மாவையும் அவவைப் பாக்கிற பிள்ளையையும் பற்றி ரெண்டு பேரும் கதைச்சியள். படத்திலை அந்தப் பிள்ளை ஜான்னியின்ரை கனவுக்குள்ளை வாற வடிவான முகம் மட்டும்தான். பதாந்தேயின்ரை நாள் எப்பிடிப் போகும் எண்டு எனக்குத் தெரியும். கிழமையிலை ஞாயிறும் இன்னொரு அரைநாளும்தான் எங்களுக்கு. மிச்ச நேரமெல்லாம் அந்த வீடுதான் எங்கட வீடு, ஆனா எங்கட வீடு இல்லை. வீட்டைப் பற்றி இவ்வளவு எடுக்கிற இயக்குநர் இதைக் கொஞ்சம் திரும்பிப் பாத்திருக்கலாம் எண்டு எனக்கு மனத்தாங்கல் இருக்கு. லோன்தானோ லோன்தானோவிலை மாலி நாட்டுப் பொடியனுக்குச் சரியான இடம் குடுத்திருக்கிறார். அதுக்காக அந்தப் படம் எனக்கு மற்றதுகளைவிட ஒரு படி மேலை.

வயசான காதலைப் பற்றி ஒண்டு சொல்லவேணும். நான் பாத்த ஐயாவுக்கு எண்பது தாண்டியிட்டுது, மனிசி செத்துக் கன வருசம். பின்னேரம் நாலு மணிக்கு ஷேவ் எடுத்து, அயர்ன் பண்ணின சேட்டுப் போட்டு, கழுத்திலை கொலோன் பூசிக்கொண்டுதான் சதுக்கத்து வாங்குக்கு (பெஞ்சுக்கு) போவார். அங்கை ஒரு அம்மா வந்து இருப்பா. ரெண்டுபேரும் கதைப்பினம், சில நாள் கதைக்காமலும் இருப்பினம். அம்மா வராத நாளிலை ஐயா இரவுச் சாப்பாட்டைத் தொடமாட்டார். மழை பெய்தால் ரெண்டுபேருக்கும் போக இடமில்லை. ஐயாவின்ரை வீட்டிலை மகன் குடும்பம், அந்த அம்மா மகளோடை. ஒருநாள் ஐயா கொஞ்சம் வெக்கப்பட்டுக்கொண்டு கேட்டார், "ஞாயிற்றுக்கிழமை மகனாக்கள் கடலுக்குப் போகினம், ரெண்டு பேருக்குக் கோப்பி போட்டு வைப்பியா?" எண்டு. எனக்கு ஞாயிறு லீவு. எண்டாலும் கோப்பி போட்டு வைச்சிட்டுத்தான் வெளிக்கிட்டனான்.

மாலைக்காட்சி அண்ணா வீடு எண்டு எழுதினதை வாசிக்கேக்கை எனக்கு அந்த வாங்குதான் ஞாபகம் வந்தது.

அந்திமல்லி:

பலெர்மோவாசி தம்பி, அந்த அம்மா அன்றைக்கு வந்தாரா?

பலெர்மோவாசி:

வந்தவ அக்கா. திங்கட்கிழமை வர ரெண்டு கோப்பையும் கழுவிக் கவிட்டிருந்தது. ஐயா தன்ரை வாழ்க்கையிலை கோப்பை கழுவினதை நான் அதுக்கு முன்னம் காணேல்லை.

சட்டப்புத்தகம்:

படம் அதிகம் பார்ப்பவன் இல்லை. இத்தாலிய வாரிசுரிமைச் சட்டத்தோடு வேலை நிமித்தம் பழக்கம் உண்டு. மாலைக்காட்சி சொன்ன "எந்தக் கதவைத் திறப்பது" என்ற கேள்விக்கு அங்கே சட்டத்திலும் ஒரு பதில் இருக்கிறது.

கணவனோ மனைவியோ இறந்தால், வேறு சார்ந்திருப்போர் இல்லாத நிலையில், உயிரோடு இருப்பவருக்கு இறந்தவர் பென்ஷனில் 60 சதவீதம் வரும். அவர் மறுமணம் செய்தால் அது நின்றுவிடும், இரண்டு ஆண்டுத் தொகையை ஒரே தடவையாகக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். அந்தப் பென்ஷனை நம்பி வாழும் விதவை எழுபது வயசில் கல்யாணம் என்றால், மாத வருமானத்தை விட்டுக்கொடுத்துத்தான் மாலை மாற்ற வேண்டும். சேர்ந்து மட்டும் வாழ்ந்தால் பென்ஷன் தொடரும்.

பிள்ளைகள் பக்கமும் கணக்கு இருக்கிறது. இத்தாலியில் உயில் எழுதி நெருங்கிய வாரிசை முழுக்க ஒதுக்கிவிட முடியாது, ஒவ்வொருவருக்கும் கட்டாயப் பங்கு உண்டு. மறுமணம் செய்த துணையும் அந்தப் பட்டியலில் வந்துவிடுவார். ஒரு பிள்ளை இருந்தால் துணைக்கு மூன்றில் ஒரு பங்கு, ஒன்றுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் நான்கில் ஒரு பங்கு. அதோடு, இருவரும் வாழ்ந்த வீடு இறந்தவருக்கோ இருவருக்குமோ சொந்தமாக இருந்தால், ஆயுள் முழுக்க அதில் குடியிருக்கும் உரிமையும் துணைக்கு உண்டு. அப்பா கல்யாணம் என்று சொன்னதும் பிள்ளைகள் முகம் மாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த நாட்டில் பலருக்கு ஆயுளில் கிடைக்கும் ஒரே பெரிய சொத்து பெற்றோரின் ஃப்ளாட்.

கல்யாணம் இல்லாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கு 2016ல் ஒரு சட்டம் வந்தது. வீட்டுக்குச் சொந்தக்காரர் இறந்தால், கூட வாழ்ந்தவர் குறைந்தது இரண்டு ஆண்டு, சேர்ந்து வாழ்ந்த காலத்தைப் பொறுத்து அதிகபட்சம் ஐந்து ஆண்டு அங்கேயே இருக்கலாம். பிறகு காலி செய்ய வேண்டும். பென்ஷனில் பங்கு கிடையாது.

மாலைக்காட்சி:

சட்டப்புத்தகம் சார், நீங்கள் எழுதியதை வைத்து அஸ்தோல்ஃபோவை மறுபடி யோசித்தேன். படத்தில் இந்தச் சட்டம் எதுவும் பேசப்படவில்லை. ஆனால் அங்கே கூடும் ஆண்கள் யாருக்கும் கைவசம் எதுவும் இல்லை. சொந்தக்காரர், குடியேறியவர், வந்து தங்கியவர் எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறார்கள். கட்டாயப் பங்கு, பத்திரம், பாக்கி எதுவும் எட்டாத ஒரு வீட்டைக் கட்டிப் பார்க்கிறார் இயக்குநர். இடிந்த மாளிகையில்தான் அது முடியும், ரோம் ஃப்ளாட்டில் முடியாது.

கடைசி வரிசை சொன்ன "கூரை உள்ளவர்களின் மென்மை" கடுமையான வார்த்தை, ஆனாலும் அதை ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் சொல்வேன். அந்தக் கூரையை இவர் கதாபாத்திரங்கள் தங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதில்லை. முதல் படத்தின் முடிவில் பாட்டிகள் கிளம்ப மறுத்து, கையிலிருக்கும் காசை எடுத்து நீட்டி, இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருக்கிறோம் என்கிறார்கள். யார் வீடு அது அப்போது?

ஸ்தெஃபானியாவாக நடிப்பது ஸ்தெஃபானியா சாந்த்ரெல்லி. 1946ல் பிறந்தவர். பியேத்ரோ ஜெர்மியின் திவோர்த்சியோ அல்லித்தாலியானா (1961) படத்தில் அவர் பதினைந்து வயசுப் பெண். சிசிலிப் பிரபு ஒருவர் அவர்மேல் ஆசைப்பட்டு மனைவியைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போடுவார். அன்றைக்கு இத்தாலியில் விவாகரத்துச் சட்டமே கிடையாது, 1970 டிசம்பரில்தான் வந்தது. ஆண்கள் பார்த்து ஏங்கும் பெண்ணாகத் தொடங்கியவர் இந்தப் படத்தில் எழுபத்தைந்து வயசில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் இருப்பவரைத் தானும் பார்க்கிறார். அந்திமல்லி அக்கா இரண்டாவது படத்தில் தேடிய இடம் இங்கே கிடைக்கும் என்று நினைக்கிறேன். இருவரும் கிட்டத்தட்ட ஒரே தலைமுறை. பேசும்போது ஒருவர் வாக்கியத்தை இன்னொருவர் முடிக்க அவசரப்படுவதில்லை.

அந்திமல்லி:

அஸ்தோல்ஃபோவை நானும் பார்த்திருக்கிறேன். சாந்த்ரெல்லிக்காகவே பார்த்தேன். அவர் சிரிக்கும்போது கண்ணோரம் விழும் சுருக்கத்தை மறைக்காமல் வெளிச்சம் போட்டிருக்கிறார்கள், அதற்கு ஒளிப்பதிவாளரைக் கும்பிட வேண்டும். ஆனாலும் ஒன்று குறைகிறது. அவர் வீட்டுக் கதை எவ்வளவு தெரிகிறது நமக்கு? பேராசிரியரின் மாளிகையில் ஒவ்வொரு ஓட்டையும் தெரியும். ஸ்தெஃபானியாவின் சமையலறையில் என்ன இருக்கிறது, தனியாக இருக்கும் ராத்திரிகளில் என்ன செய்கிறார் என்று நமக்குச் சரியாகத் தெரியாது. சட்டப்புத்தகம் சொன்ன பென்ஷன் கணக்கு பெண்ணுக்குத்தான் முதலில் இடிக்கும். அதை அவர் பக்கம் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்று எனக்கு வேண்டும்.

கடைசி வரிசை:

அக்கா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான்கு படத்திலும் கதை நகர்வது ஜான்னி முகத்தை ஒட்டித்தான். அந்தக் கூச்சம், அந்த வெள்ளை ஒயின் கோப்பை, தோளைக் குறுக்கிக்கொண்டு "சரி, பரவாயில்லை" என்பது எல்லாமே நம்மை வசியம் பண்ணிவிடும். அதனால் எதிரில் இருப்பவரைக் கொஞ்சம் மறந்துவிடுகிறோம்.

புது ஆள்:

இவர் படம் எதுவும் பார்த்ததில்லை. இந்த இழையைப் படித்ததும் ஆசை வந்துவிட்டது. அப்பாவோடு உட்கார்ந்து பார்க்க எது சரியாக இருக்கும்? அப்பாவுக்கு எழுபத்திரண்டு, அம்மா இல்லை. சப்டைட்டில் வேகமாக ஓடினால் சிரமப்படுவார்.

மாலைக்காட்சி:

பிரான்சோ டி ஃபெர்ரகோஸ்தோவில் தொடங்குங்கள். சின்னப் படம், கதை ஒரே வீட்டைச் சுற்றித்தான், சப்டைட்டில் தவறினாலும் முகத்தைப் பார்த்தே புரியும். ஜான்னி நண்பரோடு ஸ்கூட்டரில் காலித் தெருக்கள் வழியாக மீன் வாங்கப் போகும் இடத்தில் அப்பா கண்டிப்பாகச் சிரிப்பார். அடுத்தது அஸ்தோல்ஃபோ. ஜான்னி எ லெ தோன்னெயை நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பலெர்மோவாசி:

லோன்தானோ லோன்தானோவையும் விடாதேங்கோ. மூண்டு பேரிலை ஒருவரா நடிச்ச என்னியோ ஃபந்தாஸ்திக்கினி படம் வெளிவர முந்தியே, 2018 டிசம்பரிலை செத்துப்போனார். அந்த மனிசனுக்காகவே பாக்கலாம். அப்பாவுக்கும் பிடிக்கும், மூண்டு கூட்டாளிமார் வெளிநாடு போறதைப் பற்றிக் கதைச்சுக்கொண்டே இருக்கிற படம். எங்கை போறது எண்டு கேட்டு, அசோரஸ் தீவு வரைக்கும் கணக்குப் பாப்பினம்.

புது ஆள்:

நன்றி. சனிக்கிழமை ராத்திரி முதல் படம். அப்பா என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.

அந்திமல்லி:

எழுதுங்கள் தம்பி. மரீனா வெளியே போகும் இடத்தில் அவர் என்ன சொன்னார் என்பதை மட்டும் விடாமல் எழுதுங்கள்.